தொடக்கநூலில் ‘மனிதன்’: பால் பாகுபாடும் தமிழ் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

மனித மாண்பு பற்றிய கிறித்தவ இறையியல் கோட்பாடு பெரிதும் ஒரு சிறு பகுதியையே அடித்தளமாகக் கொண்டுள்ளது. விவிலியத்தின் முதல் நூலாகிய தொடக்கநூல் (பழைய வழக்கில் ஆதியாகமம்), முதல் அதிகாரத்தின் 26, 27 ஆம் வசனங்களில், மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டனர் என்கிறது. அச்சாயல் ஆணுக்கு உள்ளதுபோலவே பெண்ணுக்கும் முழுமையாக உண்டா என்ற வினா, திருச்சபையில் தொன்றுதொட்டு எழுப்பப்பட்டு வருகிறது. பெண்கள் குருத்துவப் பணி ஏற்பது குறித்த விவாதங்களிலும் இவ்வினா மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. அதற்கு விடை காண்பது இறையியலாரின் கடமை. ஆயின் மூலம் சொல்லாத ஒரு விடையை மொழிபெயர்ப்பின் இலக்கணம் தானே சொல்லிவிடுகிறதா என்பது மொழியியலார் ஆராய வேண்டிய வினாவாகும். இக்கட்டுரை அதனையே ஆராய முற்படுகிறது.

ஒப்பீட்டிற்கு இரு மொழிபெயர்ப்புகள் கொள்ளப்பட்டுள்ளன. ஒன்று, 1871 இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்து, சீர்திருத்தச் சபையினரிடையே இன்றும் பெருவழக்காக உள்ள பழைய மொழிபெயர்ப்பு. மற்றொன்று, 1995 இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ என்னும் பொது மொழிபெயர்ப்பு.

1. மூலத்தின் அமைப்பு

எபிரேய மூலத்தில் மனிதரைக் குறிக்கும் சொல் ‘ஆதாம்’ என்பதாகும். இச்சொல்லுக்குப் பன்மை வடிவமும் இல்லை; பெண்பால் வடிவமும் இல்லை. மனித இனம், தனி மனிதர் ஆகிய இரண்டையும் அது குறிக்கும். பின்னர் ஒருவரின் இயற்பெயராகவும் ஆகிறது. 26 ஆம் வசனத்தில் ‘ஆதாம்’ ஒருமையாக இருக்க, அடுத்து வரும் ‘ஆளுக’ என்னும் பொருளுடைய வினை பன்மையில் அமைகிறது. எனவே இங்கு அச்சொல் இனத்தையே குறிக்கிறது என்பது தெளிவு.

27 ஆம் வசனம் மூன்று சிறு தொடர்களால் ஆனது. முதல் தொடரில் ‘ஆதாம்’ செயப்படுபொருளாக வருகிறது. இரண்டாவதில் அதற்குப் பதிலியாக ‘ஓதோ’ என்னும் ஆண்பால் ஒருமை வருகிறது. மூன்றாவதில் ‘ஸாகார்’ (ஆண்), ‘நெகேவா’ (பெண்) என்னும் சொற்களோடு ‘ஓதாம்’ என்னும் பன்மை வருகிறது. ஒருமையிலிருந்து பன்மைக்குச் செல்லும் இந்நகர்வு தற்செயலானதன்று. மூன்று தொடர்களின் இணையமைப்பே அதனை எடுத்துக்காட்டும் வகையில் அமைந்துள்ளது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் இதனைப் பிறழாமல் காத்துள்ளது.

உரையாசிரியர்கள் இந்நகர்வைப் பற்றிக்கொண்டே வேறுபட்டனர். நான்காம் நூற்றாண்டினரான நிசாவின் கிரெகோரி, சாயல் முதலில் பாற்பிரிவின்றி மனித இயல்பு முழுமைக்கும் உரியது என்றும், ஆண் பெண் என்னும் பிரிவு பின்னர்ச் சேர்க்கப்பட்டது என்றும் கொண்டார். அகுஸ்தீன், மனித இயல்பு இரு பாலிலும் நிறைவுறுவதை ஏற்றபோதும், பெண்ணைத் துணை என்ற நிலையில் தனியே நோக்குங்கால் அவள் சாயல் அல்லள் என்றும், ஆண் தனித்த நிலையிலும் முழுமையான சாயலே என்றும் எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் கார்ல் பார்த், ஆண் பெண் உறவிலேயே சாயலைக் கண்டார். ஃபிலிஸ் பெர்ட் 1981 இல் இதனை மறுத்து, ‘ஸாகார்’, ‘நெகேவா’ என்பன உயிரியல் சொற்கள் என்றும், அவை சாயலை விளக்க வந்தவை அல்ல, அடுத்து வரும் இனப்பெருக்க ஆசிக்கு முன்னுரையாக அமைந்தவை என்றும் நிறுவ முயன்றார். இவற்றுள் எதனை ஏற்பினும், ஒருமையும் பன்மையும் தனித்தனியே புலப்படாத ஒரு மொழிபெயர்ப்பில் இவ்விவாதத்தைத் தொடரவே இயலாது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

2. இருவகைப் பாற்பாகுபாடு

எபிரேயத்தில் பால் என்பது சொல்லின் இலக்கணப் பண்பு. நிலத்தைக் குறிக்கும் ‘எரெட்ஸ்’ பெண்பாற்சொல். அதனால் நிலத்தைப் பெண் என்று எவரும் கொள்வதில்லை. அவ்வாறே ‘ஓதோ’ ஆண்பாலாக வருவதற்கு ‘ஆதாம்’ ஆண்பாற்சொல் என்பதே போதிய காரணமாகும். சொல்லின் இலக்கணப் பாலிலிருந்து இறையியல் கருத்தைக் கறந்தெடுக்கலாகாது என்று 1961 இல் ஜேம்ஸ் பார் எச்சரித்தது இங்குப் பொருந்தும்.

தமிழில் நிலைமை வேறு. தொல்காப்பியம் வகுக்கும் ஐம்பாலும் பொருளையே அடிப்படையாகக் கொண்டவை. உயர்திணை ஒருமையில் ஆண்பால், பெண்பால் என்னும் பிரிவு கட்டாயமானது. பன்மையில் பலர்பால் ஒன்றே உண்டு. ஆகவே ‘ஓதோ’ என்பதற்கு நேராக ‘அவன்’ என்று பெயர்க்குங்கால், மூலத்தில் வெறும் இலக்கண இயைபாக இருந்தது தமிழில் பொருட்கூற்றாக மாறிவிடுகிறது. ‘மனிதன்’ என்பதைப் பொதுமையில் வழங்கி ‘அவன்’ என்று சுட்டும் வழக்கு நம் உரைநடையில் உண்டே எனலாம். உண்மையே. ஆயின் அது சூழலால் கொள்ளப்படும் பொதுமை. சூழல் சற்றே மாறினும் ‘அவன்’ ஆணையே குறிக்கும்.

பிற இந்திய மொழிகளில் இச்சிக்கல் ஒரே வகையாக இல்லை. வங்காளியில் பதிலிப்பெயர்கள் பால் காட்டுவதில்லை. எனவே இவ்விடர் அங்குத் தோன்றவே வாய்ப்பில்லை. தெலுங்கில் ஒருமை வினை, ஆண்பால் ஒருபுறமும் பெண்பாலும் அஃறிணையும் மறுபுறமுமாகப் பிரிவதால், சிக்கல் தமிழினும் மிகுதியாகிறது.

3. பழைய மொழிபெயர்ப்பு

பழைய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘மனுஷன்’ என்றும், இரண்டாம் தொடரில் ‘அவன்’ என்றும், மூன்றாவதில் ‘அவர்கள்’ என்றும் வழங்குகிறது. எண் நகர்வு முழுமையாகக் காக்கப்பட்டுள்ளது. ஆயின் அதற்கு விலையாகச் சாயல் ஓர் ஆணிடம் முதலில் வந்து சேர்ந்ததாகத் தொனிக்கிறது. மூன்றாம் தொடரில் வரும் பெண், பின்னர் வந்து சேர்ந்தவளாகத் தோன்றுகிறாள்.

இரண்டாம் அதிகாரம் இத்தொனியை உறுதிப்படுத்துகிறது. அங்கு 23 ஆம் வசனத்தில்தான் ‘ஈஷ்’ (ஆண்), ‘ஈஷா’ (பெண்) என்னும் ஒலியொப்புமை உடைய இணை முதன்முதலாக வருகிறது. பழைய மொழிபெயர்ப்பாளர் அச்சொல்விளையாட்டை ‘மனுஷன்’, ‘மனுஷி’ என்று திறம்படப் பெயர்த்துள்ளனர். அத்திறன் பாராட்டத்தக்கதே. ஆயின் ‘ஆதாம்’, ‘ஈஷ்’ என்னும் இரு வேறு சொற்களும் தமிழில் ‘மனுஷன்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. விளைவாக, முதல் அதிகாரத்தில் சாயல் பெற்ற ‘மனுஷன்’, இரண்டாம் அதிகாரத்தில் ‘மனுஷி’க்கு எதிரிணையாக நிற்கும் ஆணே என்று வாசகர் பின்னோக்கிப் பொருள் கொள்ள நேர்கிறது.

இங்கு வியப்பிற்குரிய செய்தி ஒன்றுண்டு. ஐந்தாம் அதிகாரம் 2 ஆம் வசனத்தில் ஆண், பெண் இருவருக்கும் ‘ஆதாம்’ என்னும் பெயர் இடப்பட்டதாக மூலம் கூறுகிறது. அவ்விடத்தில் பழைய மொழிபெயர்ப்பு ‘மனுஷர்’ என்று பலர்பாலை வழங்குகிறது. ஆகவே ‘ஆதாம்’ இருபாற்பொது என்பதை அம்மொழிபெயர்ப்பாளர் அறியாதவர் அல்லர். அறிந்ததை முதல் அதிகாரத்திற்குக் கொண்டு செல்லவில்லை.

4. பொது மொழிபெயர்ப்பு

1995 ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு முதல் அதிகாரத்தில் ‘மானிடர்’ என்னும் பலர்பாற்சொல்லை மேற்கொண்டு, பின்னிரு தொடர்களிலும் ‘அவர்கள்’ என்றே சுட்டுகிறது. பெண்ணை விலக்கும் தொனி இதனால் நீங்கியது. இது தெளிவான முன்னேற்றம். இரண்டாம் அதிகாரத்திலும் ‘ஈஷ்’, ‘ஈஷா’ என்பனவற்றை ‘ஆண்’, ‘பெண்’ என்றே பெயர்த்து, ‘ஆதாம்’ என்பதினின்று ‘ஈஷ்’ வேறு என்பதைக் காட்டுகிறது. ஒலியொப்புமை மட்டும் இழக்கப்பட்டது.

ஆயின் இரு குறைகள் உள. முதலாவது, தொடக்கம் முதலே பன்மை வழங்கப்பட்டதால் ஒருமையிலிருந்து பன்மைக்கான நகர்வு மறைந்துவிட்டது. இவ்வாசகர் கையில் நிசாவின் கிரெகோரியின் வாதத்திற்கு இடமே இல்லை. இரண்டாவது, அடுத்த அதிகாரத்தில் அதே ‘ஆதாம்’ ‘மனிதன்’ ஆகிவிடுகிறது. மண்ணைக் குறிக்கும் ‘அதாமா’விலிருந்து உருவாக்கப்பட்ட அவ்வுருவைப் பாற்பிரிவு பெறாத ‘மண்ணுயிர்’ என்று 1978 இல் ஃபிலிஸ் ட்ரிபிள் விளக்கினார். அவ்விளக்கத்தை முற்றும் ஏற்பதற்கில்லை. பெண் தோன்றிய பின்னும் ஆணைக் குறிக்க மூலம் அதே சொல்லைத் தொடர்ந்து வழங்குகிறது. எனினும் இரு அதிகாரங்களிலும் ஒரே சொல் வருகிறது என்பதையாவது வாசகர் அறிய ஓர் அடிக்குறிப்பு தேவை.

சாயலைக் குறிக்கும் சொற்களும் கருதத்தக்கன. ‘ட்செலெம்’, ‘தெமூத்’ என்னும் இரண்டனுள் முன்னதைப் பழைய மொழிபெயர்ப்பு ‘சாயல்’ என்றும் பின்னதை ‘ரூபம்’ என்றும் பெயர்க்க, புதியது முன்னதை ‘உரு’ என்றும் பின்னதைச் ‘சாயல்’ என்றும் பெயர்க்கிறது. இரு நூல்களையும் ஒப்பிட்டு ‘சாயல்’ பற்றி வாதிடுவோர், தாம் வேறுவேறு எபிரேயச் சொற்களைப் பற்றிப் பேசுவதை உணராமலே போகலாம்.

5. பவுலின் கூற்றுகள்

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 11 ஆம் அதிகாரத்தில் பவுல், சாயலையும் மாட்சியையும் ஆணுக்கு உரைத்து, பெண்ணை ஆணின் மாட்சி என்கிறார். இதற்கு அவர் வழங்கும் சொல் ஆணை மட்டும் குறிக்கும் ‘அனேர்’. கிரேக்கத் தொடக்கநூலில் உள்ளதோ இருபாற்பொதுவான ‘அந்த்ரோப்போஸ்’. இச்சொல்மாற்றம் கிரேக்க வாசகருக்குப் புலப்படும். பழைய தமிழில் ‘மனுஷன்’ ‘புருஷன்’ ஆகிறான். முன்னரே ‘அவன்’ என்று சுட்டப்பட்டதால், மாற்றம் நிகழ்ந்ததாகவே தோன்றுவதில்லை. பவுல் பெண்ணை ஆணின் சாயல் என்று கூறவில்லை என்பதும் கவனத்திலிருந்து நழுவுகிறது.

கலாத்தியர் 3:28 இல் இதற்கு மறுதலையான இழப்பு நேர்கிறது. அங்குள்ள மூன்று இணைகளுள் முதலிரண்டும் எதிர்மறை இடைச்சொல்லால் இணைய, ஆண் பெண் என்னும் மூன்றாவது மட்டும் ‘உம்’ பொருளுடைய ‘காய்’ என்னும் சொல்லால் இணைகிறது. இது கிரேக்கத் தொடக்கநூலின் தொடரை எதிரொலிப்பது என்பர். பழைய மொழிபெயர்ப்பு மூன்றையும் ஒரே எண்ணும்மை அமைப்பில் தருவதால் இவ்வெதிரொலி கேட்பதில்லை.

6. முடிவுரை

ஒருமையைக் காத்தால் பெண் விடுபடுகிறாள். பெண்ணைக் காத்தால் ஒருமை விடுபடுகிறது. இவ்விருதலைச் சிக்கலுக்குத் தமிழின் தொடரமைப்பிலேயே ஒரு தீர்வு உண்டு. சூழலால் விளங்கும் செயப்படுபொருளைத் தமிழ் வெளிப்படக் கூற வேண்டுவதில்லை. முதல் தொடரில் ‘மனிதகுலம்’ என்னும் ஒருமைச் சொல்லை வழங்கி, இரண்டாம் தொடரில் பதிலிப்பெயரை அறவே விடுத்து, மூன்றாம் தொடரில் மட்டும் ‘அவர்களை’ என்று சுட்டினால், ஒன்று இரண்டாகும் நகர்வும் நிலைக்கும்; ‘அவன்’ என்னும் பொருட்கூற்றும் நுழையாது. ‘மனிதகுலம்’ அஃறிணை முடிபு கொள்ளும் சொல் என்ற தடை, பதிலியும் பயனிலை இயைபும் அங்கு வேண்டப்படாமையால் எழாது. அச்சொல் தனி மனிதரின் நெருக்கத்தைத் தருவதில்லை என்பது உண்மை. ஆயின் விலங்கினங்களின் வரிசையில் மனிதரை வைத்துப் பேசும் முதல் அதிகாரத்திற்கு இனப்பெயர் முரணானதன்று.

சாயல் யாருக்கு உரியது என்பதை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்யலாகாது. தம் மொழியின் விகுதி ஒன்று அதனை முடிவு செய்துவிடாமல் காப்பதே அவரது பொறுப்பாகும். தொடக்கநூலை வழிபாட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் பெண், தன்னைப் பற்றிக் கூறப்படுகிறதா என்று ஐயுற நேர்ந்தால், அந்த ஐயம் மூலத்தினின்று வந்ததாக இருக்கலாம். மொழிபெயர்ப்பில் பிறந்ததாக இருத்தல் கூடாது.