பெட்டியில் 150, டயரில் 80

கையில் எடுத்துச் செல்லும் காற்றடிக்கும் கருவிகளின் அட்டைப்பெட்டியில் 150 பிஎஸ்ஐ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பிரிட்டனில் கேரவனோ மோட்டார்ஹோமோ வைத்திருப்பவர் அந்த எண்ணை நம்பி வாங்கினால் பாதி ஏமாந்தாற்போல்தான். அந்த அழுத்தம் வரை போக முடியும் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. எவ்வளவு நேரத்தில், எத்தனை டயருக்கு என்பதுதான் கேள்வி.

ஐரோப்பாவில் பல மோட்டார்ஹோம்கள் ஃபியட் டுகாட்டோ சேஸிஸின் மீது கட்டப்பட்டவை. அவற்றின் பின்சக்கரத்தில் வரும், மோட்டார்ஹோமுக்கென்றே செய்யப்படும் சிபி வகை டயருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அழுத்தம் 5.5 பார், அதாவது ஏறத்தாழ 80 பிஎஸ்ஐ. காருக்கு 32, 35 போதும். 16 அங்குல டயருக்குள் சுமார் 55 லிட்டர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பார் இறங்கியிருந்தால் வெளிக்காற்றில் 55 லிட்டரை உள்ளே தள்ளியாக வேண்டும். நிமிடத்துக்கு 35 லிட்டர் தரும் பம்புக்கு இது இரண்டு நிமிட வேலைதானே? இல்லை. அந்த 35, எதிரழுத்தமே இல்லாமல் ஊதும்போது எடுத்த கணக்கு. 70 பிஎஸ்ஐயை எதிர்த்துத் தள்ளும்போது காற்றின் வரத்து வெகுவாகக் குறையும், சிலிண்டர் சுடும், மலிவான கருவி இரண்டாவது டயருக்குள் ஓய்வு கேட்கும்.

மின்சாரமும் கையைக் கட்டுகிறது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், 12 வோல்ட்டில் கிடைப்பது 180 வாட். அதற்கு மேல் இழுத்தால் ஃபியூஸ் போய்விடும். ஆகவே மோட்டார்ஹோமுக்கு, பேட்டரியிலேயே கிளிப் மாட்டும் கம்ப்ரசர்தான் சரி என்பேன். கனம் அதிகம், இரைச்சல் காது கிழியும். கேபினிலுள்ள பேட்டரியிலிருந்து பின்சக்கரம் வரை எட்டும் ஹோஸும் வேண்டும். பலர் அளக்க மறப்பது இந்த நீளத்தைத்தான்.

ஒயர் இல்லாத சின்னக் கருவியை ஒதுக்கிவிட முடியாது. கேரவன் டயரில் நாலைந்து பிஎஸ்ஐ ஏற்றுவதற்கு அது தாராளம். அதன் பெரிய பலம், டயர் குளிர்ந்திருக்கும்போதே, நின்ற இடத்திலேயே அளந்து நிரப்ப முடிவது. பெட்ரோல் நிலையம் வரை ஓட்டிப் போனால் டயர் சூடாகி அளவு ஏறிக் காட்டும். 5.5 பாரில் பத்து டிகிரி வெப்பத்துக்கே சுமார் 0.2 பார் கூடும். அங்குள்ள இயந்திரங்களில் சில 80 வரை போவதும் இல்லை.

வசதியே சில சமயம் வினையாகிறது. வாரந்தோறும் பொத்தானை அழுத்தி நிரப்பிக்கொண்டிருப்பவர், ஒரே டயர் மட்டும் ஏன் இறங்குகிறது என்று ஆணியைத் தேடிப் பார்ப்பதில்லை. திரையில் தெரியும் எண்ணைத் தனி மானி வைத்துச் சரிபார்ப்பவர்களும் குறைவு. சொன்ன அளவில் தானே நின்றுவிடும் கருவிக்கு, அந்த அளவு இந்த வண்டிக்குப் பொருந்துமா என்று தெரியாது. எடைமேடையில் அச்சுப் பாரத்தை நிறுத்து, டயர் உற்பத்தியாளரிடம் கேட்டால் 5.5க்குக் குறைவான அளவு கிடைக்கக்கூடும். பின்பக்கக் குலுக்கலும் குறையும்.

எனக்கு உடன்பாடே இல்லாதது, ஸ்டெப்னிக்குப் பதிலாகக் கம்ப்ரசரும் ஒட்டுத்திரவப் பாட்டிலும் கொடுத்தனுப்பும் வழக்கம். தயாரிப்பாளருக்கு எடையும் செலவும் மிச்சம். டயரின் மிதிபரப்பில் விழும் சின்ன ஓட்டையை அந்தத் திரவம் அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் எந்தக் கம்ப்ரசரும் உதவாது; இழுவை வண்டிக்குத்தான் காத்திருக்க வேண்டும்.