ரெட் அண்ட் ஃபாலோ

வடசென்னைச் சந்துகளில், சாயங்காலம் பலகைக்கு மேலே பல்பைத் தாழ இறக்கிக் கட்டினால் கேரம் மன்றம் தயார். துறைமுகத்தில் பகலெல்லாம் மூட்டை தூக்கிய கை, போரிக் பவுடரைத் தூவிவிட்டு ஸ்ட்ரைக்கரைச் சுண்டும்போது அதற்குத்தான் எத்தனை நிதானம்! சிவப்புக் காயான ரெட் விழுந்தால் மட்டும் போதாது. அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றையும் போட வேண்டும்; அதுதான் ஃபாலோ. அதுவரை சுற்றி நிற்பவர்கள் மூச்சு விடுவதில்லை. ஃபாலோ விழுந்ததும் எழும் கூச்சல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். கூலி குறைந்த நாளிலும் அந்தக் கூச்சல் குறைவதில்லை. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த சத்தம் அது.

இந்த ஆட்டத்தை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் ஆட்டோ ஓட்டுநரின் மகள்.