மேசைவிரிப்புக்குள் மறைந்த சிறுவன்

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன், 1844ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் தம் மூன்று வயது மகனுக்கு ஏற்ற படப்புத்தகம் கிடைக்காமையால், தாமே பாட்டெழுதிப் படமும் வரைந்து ஒன்றை ஆக்கினார். 1845இல் அச்சேறிய அந்நூல் பின்னர் 'ஷ்ட்ரூவல்பேட்டர்' என்ற பெயரால் உலகப் புகழ் பெற்றது. அடுத்தடுத்த பதிப்புகளில் அதில் இடம்பெற்றவர்கள் துறுதுறுப் பிலிப்பும் வானம் பார்த்த ஹான்சும். கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு, அதாவது நம் பெற்றோர்க்குப் பழகிவிட்ட பெயரில் ஏ.டி.எச்.டி., இவ்விருவரிடமும் தெரிகிறது என்போர் பலர். ஜெர்மானியர் பேச்சு வழக்கில் அதற்குப் பிலிப்பின் பெயரையே இட்டுவிட்டனர்.

கதை மிகச் சிறிது. இன்றாவது மேசையில் அமைதியாய் இருப்பாயா என்று தந்தை கேட்கிறார். தாய் வாய் திறவாது மேசையைச் சுற்றிப் பார்க்கிறாள். பிலிப்பு நெளிகிறான், நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டுகிறான், சாய்கையில் விரிப்பைப் பற்றுகிறான். ரொட்டியும் புட்டியும் சூப்புக் கிண்ணமும் தரையில். கிண்ணம் உடைகிறது. சிறுவன் விரிப்புக்குள் முழுதும் மறைந்துபோகிறான். உண்ண ஒன்றுமில்லையே என்று பெற்றோர் சினந்து நிற்க, கதை முடிகிறது.

ஹோஃப்மன் கூர்ந்து நோக்கத் தெரிந்தவர். ஒரு சிறுவனின் உடல் படும் பாட்டை இவ்வளவு துல்லியமாக அக்காலத்தில் வேறு யார் வரைந்தார் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆயினும் அவர் பார்வை தந்தையின் நாற்காலியை விட்டு நகரவில்லை. பிலிப்பு ஒரு சொல்லும் பேசுவதில்லை. விரிப்பைத் தூக்கி அவன் முகத்தைப் பார்ப்பாரும் இல்லை. ஹான்ஸ் கதையில் நிலை சற்றே மாறுகிறது. அவன் காணும் கூரைகளையும் மேகங்களையும் குருவிகளையும் நாமும் காண்கிறோம். அவன் ஆற்றில் விழுவதற்கு முன் அந்தச் சில அடிகளில் மட்டும் மருத்துவரைக் கவிஞர் வென்றுவிடுகிறார்.

இக்குறை ஹோஃப்மன் ஒருவருடையதன்று. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவில் குறைவற்ற சில சிறுவர்களைப் பற்றி உரையாற்றியபோது, அவர்களிடம் காணப்படுவது ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே பெயரிட்டார். இன்றைய பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் கையேட்டில் 1987இல்தான் ஏறியது. பலருக்கு இது வளர்ந்த பின்னும் தொடர்கிறது. தாமதத்துக்கு ஒரு பொய், மறதிக்கு ஒரு சிரிப்பு என்று விரிப்புக்குள்ளேயே காலம் கழிக்கும் பிலிப்புகள் நம் திருப்பலியின் கடைசி வரிசையிலும் நிற்கின்றனர்.

'செபவேளையில் பராக்காயிருந்தேன்' என்று அறிக்கையிட நம் முன்னோர் கற்பித்தனர். (அரசவையில் கட்டியங்காரன் கவனத்தை ஈர்க்கக் கூவியதும் 'பராக்கு' என்றுதான்! மொழிக்கு இருபுறமும் தெரிந்திருக்கிறது.) அந்தப் பராக்கை உள்ளிருந்து எழுதியவர் புனித அகுஸ்தினார். 'அறிக்கைகள்' பத்தாம் நூலின் 35ஆம் அதிகாரத்தில், ஆயராகிவிட்ட அவர், வீட்டில் அமர்ந்தபடி பல்லி ஈயைப் பிடிப்பதிலும் சிலந்தி வலையில் அது சிக்குவதிலும் தம் மனம் ஒட்டிக்கொள்வதைச் சொல்கிறார். அதிலிருந்து படைத்தவரைப் புகழச் செல்வது உண்மையே, ஆனால் தம் கவனம் அங்கிருந்து தொடங்கவில்லை என்றும் சேர்த்தே சொல்கிறார். அந்த இரண்டாவது வாக்கியத்தை எழுத எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அவருக்கு இந்நோய் இருந்தது என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவது மலிவான ஆராய்ச்சி. தன் மனத்தின் இயல்பை ஒளிக்காமலும் அலங்கரிக்காமலும் இறைவன் முன் வைக்கும் நடையே இங்கு நமக்கு வேண்டியது.

பிலிப்பிடம் பிழையே இல்லை என்று சொல்லிக் கதையைத் திருத்தும் இரக்கமும் எனக்கு உடன்பாடன்று. கிண்ணம் உடைந்தது உடைந்ததுதான். தாய் பசித்திருந்ததும் உண்மை. திருச்சபையின் மறைக்கல்வி 1735ஆம் எண்ணில், ஒரு செயலுக்கான பொறுப்பைக் குறைக்கவோ நீக்கவோ கூடியவற்றுள் அறியாமை, அச்சம், பழக்கம் ஆகியவற்றோடு கவனமின்மையையும் உளவியல் காரணங்களையும் வைக்கிறது. நிகழ்ந்ததை அது மறுக்கவில்லை. நிகழ்த்தியவனை எடைபோடும் தராசை மட்டுமே மாற்றுகிறது. அந்தத் தராசு ஹோஃப்மனின் மேசையில் இல்லை.

பிள்ளைகளுக்குப் பிலிப்பின் கதையைப் படித்துக் காட்டும் பெற்றோர், அவர்கள் சிரித்து முடித்தபின், விரிப்புக்குள் இருப்பவன் இப்போது என்ன சொல்வான் என்று கேட்டுப் பார்க்கலாம். விடை சொல்ல முதலில் எழும் குழந்தை, பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்திருக்காது.