பட்டாளத்தார் வீட்டில் இருந்தவர்கள்

'பட்டாளம்' என்பது 'பட்டாலியன்' என்ற ஐரோப்பியச் சொல் தமிழில் எடுத்த உருவம். படையமைப்பில் அது சுமார் 800 பேர் கொண்ட ஓர் அலகு மட்டுமே. கல்லாவி, ஊத்தங்கரைப் பக்கத்துப் பேச்சிலோ அதுவே மொத்த ராணுவமாகிவிட்டது. 'தாத்தா பட்டாளத்துல இருந்தாரு' என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் எகிப்தும் இத்தாலியும் பர்மாவும் அடங்கிவிடுகின்றன. வீட்டுக்குப் பட்டாளத்தார் வீடு என்று பெயர். அந்த வீட்டைப் பத்தாண்டுகள் தனியாக நடத்தியவள் பட்டாளத்தார் பெண்டாட்டி. அவள் பெயர் ஊருக்கே மறந்துபோயிருக்கும்.

இன்று பேத்திகள் தாத்தாவின் போரைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல தேடல். ஆனால் அது எழுத்தாக வரும்போது பெரும்பாலும் ரெஜிமென்ட்டின் புகழ்மாலையாக முடிகிறது. இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, படையமைப்பின் இலக்கணம் புரியாதது. மற்றொன்று, அந்த இலக்கணத்தையே வாழ்க்கை என்று நம்பிவிடுவது.

முதலில் இலக்கணம். பத்துப் பேர் கொண்டது செக்ஷன். மூன்று செக்ஷன் சேர்ந்தால் பிளட்டூன். அதற்கு மேல் நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட கம்பெனி, பிறகு பட்டாலியன். மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேட், மூன்று பிரிகேட் ஒரு டிவிஷன். ரெஜிமென்ட் இந்த ஏணியில் எந்தப் படியும் அல்ல. அதைக் குலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே குலத்தின் ஒரு பட்டாலியன் பர்மாவில் நிற்கும்போது இன்னொன்று இத்தாலியில் நிற்கும். ஆகவே ரெஜிமென்ட்டின் வரலாற்றைத் தாத்தாவின் வரலாறாகப் படிப்பது, குலப்பெருமையை ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பாகப் படிப்பதற்குச் சமம்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். 'போரிடும் இனங்கள்' என்ற காலனியக் கோட்பாட்டில் தென்னாட்டாருக்கு இடமில்லை. மதராஸ் காலாட்படை 1920களில் கலைக்கப்பட்டு, ஆள் பற்றாக்குறை வந்த பிறகு 1941இல்தான் மறுபடி எழுப்பப்பட்டது. அதனால் நம்மவர்கள் பலர் போனது பெங்களூருச் சாப்பர்களிடமும், சப்ளை, சிக்னல், பயனியர் பிரிவுகளுக்கும்தான். 'தம்பிகள்' என்று அழைக்கப்பட்ட மதராஸ் சாப்பர்கள் ஒரே கூட்டமாகப் போரிட்டதில்லை. எண்ணிட்ட கம்பெனிகளாகப் பிரிந்து, வெவ்வேறு டிவிஷன்களோடு ஒட்டிக்கொண்டு போனார்கள். 4ஆவது இந்திய டிவிஷனோடு போனவை 12ஆவது ஃபீல்டு கம்பெனியும் 11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியும். 1944இல் இத்தாலியில் கண்ணிவெடியின் மேல் விழுந்து மற்றவர்களைக் காத்து, ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் அந்த 11ஆவது கம்பெனிக்காரர்.

ஆகவே 'சாப்பர்ஸ்' என்ற சொல் போதாது. தேட வேண்டியது கம்பெனி எண். அது டிஸ்சார்ஜ் தாளில் இருக்கலாம். எண் கிடைத்தால் டிவிஷன் கிடைக்கும், டிவிஷனிலிருந்து போர்முனை கிடைக்கும். லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் போர்நாட்குறிப்புகள் முனைவாரியாகத்தான் அடுக்கப்பட்டுள்ளன. மத்தியகிழக்கு என்றால் டபிள்யூ.ஓ. 169, இத்தாலி 170, பர்மா 172. ஊரைத் தேடும்போது கிருஷ்ணகிரி என்றோ தருமபுரி என்றோ தேடினால் எதுவும் அகப்படாது. தருமபுரி மாவட்டம் 1965இல் பிறந்தது, கிருஷ்ணகிரி 2004இல். அன்றைய தாள்களில் நாம் எல்லாரும் சேலம் ஜில்லா.

இந்த இலக்கணம் யாரை எப்படி எழுதுகிறது என்பதுதான் என் அடுத்த கேள்வி. முதல் உலகப்போருக்குப் பின் பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் கிடைத்தது. அவர்களுக்குக் கீழிருந்த இந்தியச் சிப்பாய்களுக்குக் கிடைத்தது எண்ணிக்கை மட்டும். அதே போரின் பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளியிலும், சுமைதூக்கியவர்களுக்கும் கூலிப்படையினருக்கும் வெண்கலத்திலும் அடிக்கப்பட்டது. சமைத்தவரும் நீர் சுமந்தவரும் கழிவு அள்ளியவரும் 'பின்தொடர்வோர்' என்ற தலைப்பில் போனார்கள். உலோகத்திலேயே சாதி தெரிகிறது. இது நமக்குப் புதிதும் அல்ல. செங்கம், தருமபுரி வட்டாரத்து நடுகற்களைப் படித்தவர்களுக்குத் தெரியும்: முதலில் அரசனின் ஆட்சியாண்டு, பிறகு தலைவன், பிறகு அவனுடைய சேவகன், கடைசியில் பட்ட செய்தி. பெண் தனக்கென்று கல் பெறுவது பெரும்பாலும் கணவனோடு தீயில் இறங்கிய பிறகுதான்.

காவற்பெண்டின் புறநானூற்றுப் பாடலில், மகன் எங்கே என்று கேட்பவரிடம் எங்கிருக்கிறானோ தெரியாது என்கிறாள் தாய். வயிற்றைக் காட்டி, புலி கிடந்த குகை இது என்கிறாள். வகுப்பறைகளில் இதை வீரத்தாயின் பெருமிதமாகவே கற்பித்து வருகிறோம். அந்தத் 'தெரியாது' என்ற சொல்லின் மேல் நாம் நின்றதே இல்லை. இரண்டாம் உலகப்போரில் சேலம் ஜில்லாத் தாய்க்கும் தெரியாது. மகன் போட்ட கடிதத்தில் ஊர்ப்பெயருக்குப் பதில் ஒரு ராணுவத் தபால்நிலைய எண் இருந்தது. இடத்தைச் சொல்லும் வரிகளைத் தணிக்கை அடித்தது. அவளுடைய தெரியாமை தற்செயலானது அல்ல. அப்படித்தான் ஏற்பாடு. பேத்தி இன்று கம்பெனி எண்ணைத் தேடிப் போவது பெருமைக்காக மட்டும் என்றால் வீண் வேலை. அந்தத் தாயிடம் மறைக்கப்பட்ட பதிலை எண்பது ஆண்டு கழித்தாவது வீட்டுக்குக் கொண்டுவருகிறாள் என்றால் அதற்குப் பொருள் உண்டு.

பெண் ஆவணத்தில் வரும் இடங்களும் உண்டு. காமன்வெல்த் போர்க்கல்லறைப் பதிவுகளில் 'இன்னாரின் மகன், இன்னாளின் கணவன், இன்ன ஊர்' என்ற ஒரு வரி இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் சிதைந்த பெயர்தான். ஆனாலும் தகப்பன் பெயரோடு நிறுத்திவிடாமல் அந்த வரியைக் கடைசிவரை படிக்க வேண்டும். ஊருக்கு அனுப்பிய சம்பளப் பங்கு யார் பெயருக்கு வந்தது, மாமனாருக்கா மனைவிக்கா என்று கேட்க வேண்டும். அந்த ஒரு பதிலில் வீட்டின் அதிகார ஏணி முழுவதும் தெரிந்துவிடும்.

பெண்கள் அந்த ஏணிக்குள்ளேயே நின்ற கதையும் நம்முடையதுதான். 1943இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமி தலைமையில் உருவான ஜான்சி ராணி ரெஜிமென்ட்டில் மலேயாத் தோட்டத் தமிழ்ப்பெண்கள் பலர் இருந்தார்கள். பால்மரம் வெட்டிய வீடுகளிலிருந்து வந்தவர்கள். பின்வாங்கும்போது ஐ.என்.ஏ.வின் தாள்களில் பெரும்பகுதி எரிக்கப்பட்டுவிட்டது. அந்தப் பெண்கள் எத்தனை பேர் என்பதே இன்றும் சர்ச்சை. சேலம் ஜில்லாவிலிருந்து தோட்டத்துக்குக் கப்பலேறிய குடும்பங்கள் இங்கே ஏராளம். தாத்தாவின் பிரிவைத் தேடும் பேத்திகளில் எத்தனை பேருக்கு, மலேயாவில் போன பெரியபாட்டி எந்த முகாமில் நின்றாள் என்று கேட்கத் தோன்றும்?

என் மாணவிகளுக்கு நான் சொல்வது இரண்டு பத்தி கொண்ட ஒரு தாள். இடப்பக்கம் போர்நாட்குறிப்பிலிருந்து கம்பெனி அந்த மாதம் இருந்த இடம். வலப்பக்கம் அதே மாதம் வீட்டில் நடந்தது: ஏர் ஓட்டியது யார், கேழ்வரகு விலை என்ன, எந்தக் குழந்தை பிறந்தது, எது செத்தது, நகை எப்போது அடகுக்குப் போனது. இடப்பக்கத்தைத் தாள்களிலிருந்து எழுதலாம். வலப்பக்கம் கிழவிகளின் வாயில்தான் இருக்கிறது. அதை எழுதாமல் இடப்பக்கத்தை மட்டும் நிரப்பினால் அது இன்னொரு ரெஜிமென்ட் வரலாறு.

இதே ஊர்களிலிருந்து இன்று பெண்கள் கம்பெனிப் பேருந்தில் ஓசூருக்குப் போகிறார்கள். 'கம்பெனி' என்ற சொல் பொருள் மாறி வந்திருக்கிறது. எண், ஷிப்ட், லைன் எல்லாம் கழுத்து அட்டையில் தொங்குகின்றன. அவர்களுடைய பேத்திகள் தேடும்போது அந்த அட்டையாவது கையில் இருக்க வேண்டும். அதைத் தூக்கிப்போட வேண்டாம் என்று அவர்களிடம் இன்றே சொல்லலாம்.