பொம்மைத் தலையும் மனித முகமும்

எங்கள் திருச்செந்தூரில் ஐப்பசி மாதத்துச் சஷ்டியன்று கடற்கரையில் ஒரு ஆள் நிற்க இடம் கிடைப்பது பெரும்பாடு. அத்தனை ஜனங்களும் எதைப் பார்க்க வருகிறார்கள்? ஜெயந்திநாதர் சூரனை வெல்வதைப் பார்க்க. அந்தச் சூரன் யார்? ஒரு பொம்மை. முதலில் அதற்கு யானைத் தலை. பிறகு சிங்கத் தலை. பிறகு சூரனுடைய சொந்தத் தலை. தலையை மாற்றிப் பொருத்துகிற கைகள் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. தூக்கி ஆட்டுகிறவர்களின் வியர்வையும் தெரிகிறது. ஆனாலும் அந்தச் சிங்கத் தலை ஒரு வெட்டுத் திரும்பினால் தோளில் இருக்கும் குழந்தை வீறிட்டு அலறுகிறது. குழந்தையைச் சுமக்கும் தகப்பனுக்கும் உள்ளூரக் கொஞ்சம் நடுக்கம்தான்.

பொம்மைக்கு உயிர் வருவது எப்படி என்று நான் யோசிக்க ஆரம்பித்தது கடற்கரையில் அல்ல, ஒரு படக்கொட்டகையில். உயிர் வராத பொம்மை ஒன்றை அங்கேதான் பார்த்தேன்.

2014 மே 23ந் தேதி 'கோச்சடையான்' வெளிவந்தது. அந்த வாரமே என் அக்காள் மகனை அழைத்துக்கொண்டு போனேன். அவனுக்கு அப்போது ஏழு வயது. ரஜினிகாந்த் படம் என்றால் எங்கள் வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை கிளம்பிவிடுவது பழைய வழக்கம். மேல்நாட்டில் ஒரே கதாபாத்திரத்தை வைத்து வரிசையாகக் குடும்பப் படங்கள் எடுக்கிறார்கள். நமக்குக் கதாபாத்திரம் மாறினாலும் பாதகமில்லை. மனிதர் மாறக் கூடாது. 1975ல் 'அபூர்வ ராகங்க'ளில் தொடங்கிய அந்த வரிசையில் கிளைத்த பொம்மைக் கிளை இந்தப் படம்.

பாதிப் படம் ஓடியிருக்கும். பையன் என் சட்டையை இழுத்தான்.

"மாமா, ரஜினி எப்பம் வருவாரு?"

"இவர்தானலே ரஜினி!"

"இது பொம்மைல்லா மாமா? நெசமான ரஜினி எப்பம் வருவாரு?"

நான் பதில் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து இந்தக் கட்டுரையில்தான் சொல்லப் பார்க்கிறேன்.

கதையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கே. எஸ். ரவிகுமார் கை தேர்ந்த கதைக்காரர். அநியாயமாகக் கொல்லப்பட்ட தளபதியின் மகன், பகைநாட்டில் வளர்ந்து திரும்பி வந்து பழி தீர்க்கிறான். இதே கதையைச் சதையும் ரத்தமுமான ரஜினி நடித்திருந்தால் கொட்டகையின் கூரை பறந்திருக்கும். அப்படி ஓர் ஏற்பாடும் இருந்தது. 2011ல் ரவிகுமாரின் டைரக்ஷனில் 'ராணா' என்ற படம் தொடங்கி, கதாநாயகர் நோய்வாய்ப்பட்டதால் நின்றுபோயிற்று. கோச்சடையானின் மகன் பெயரும் ராணாதான். கதாநாயகியும் அதே தீபிகா படுகோன்தான். எடுக்காத படத்தின் ஆவி இந்தப் படத்துக்குள் உலவுகிறது என்று எனக்குப் பட்டது.

டைரக்டர் சௌந்தர்யாவின் துணிச்சலை நான் மதிக்கிறேன். நடிகரின் உடம்பில் கருவிகளைப் பொருத்தி, அவருடைய அசைவைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கி, அதற்கு ஒரு செயற்கை உடலைப் போர்த்துவது லேசான வேலையல்ல. தூரத்துக் காட்சிகளில் அந்த வித்தை ஓரளவு பலிக்கவும் செய்கிறது. கோச்சடையான் ஆடும் தாண்டவத்தில் உடல் வளைவதைப் பார்த்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் காமிரா முகத்துக்கு அருகில் வந்ததும் எல்லாம் போயிற்று. கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. உதடு அசைகிறது, பேச்சு வேறெங்கோ இருந்து வருகிறது.

மசாஹிரோ மோரி என்ற ஜப்பானியப் பேராசிரியர் 1970லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பொம்மை மனிதனைப் போல ஆக ஆக நமக்கு அதன் மேல் பிரியம் கூடும். ஏறக்குறைய மனிதனே என்னும் கட்டம் வந்ததும் அந்தப் பிரியம் திடீரென்று அருவருப்பாகி ஒரு பள்ளத்தில் விழும் என்பது அவர் கருத்து. 'அவதார்' (2009) படத்தின் நீல மனிதர்கள் இந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்டார்கள். நீல மனிதன் எவனையும் நாம் நேரில் கண்டதில்லையே! ரஜினியின் முகம் அப்படியா? தலையை ஒரு தடவை சிலுப்பினாலே, அடுத்தது என்ன வரும் என்று தமிழ்நாட்டுக் குழந்தைக்குத் தெரியும். அந்த முகத்துக்கா ஒரு நகல் செய்வது?

1989ல் வந்த 'ராஜா சின்ன ரோஜா' நினைவிருக்கிறதா? ஏவி.எம். தயாரிப்பு, எஸ். பி. முத்துராமன் டைரக்ஷன். அதில் ஒரு பாட்டில் ரஜினியோடும் குழந்தைகளோடும் சித்திர மிருகங்கள் கூடி ஆடும். வெறும் கோடும் வர்ணமும்தான். எட்டு வயதில் அதைப் பார்த்துவிட்டு, அந்த மிருகங்களைத் தேடி ஒரு வாரம் தேரிக்காட்டில் அலைந்தவன் நான். அங்கே சித்திரம் சித்திரமாக இருந்தது. மனிதர் மனிதராக இருந்தார். இரண்டும் கை கோத்துக்கொண்டபோது உயிர் வந்தது. இருபத்தைந்து வருஷம் கழித்து மனிதரையே சித்திரமாக்கினார்கள். இரண்டும் கெட்டது.

முதல் முயற்சிதானே, பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். டிஸ்னிக்கு 1937ல் 'ஸ்னோ ஒயிட்'டும் முதல் முழுநீள முயற்சிதான். அதில் ஏழு குள்ளர்கள் அழுதால் நமக்கும் தொண்டை அடைக்கிறது. முதல் முயற்சி என்பதைச் சலுகையாகக் கேட்கலாம். ரசனைக்குப் பதிலாகக் கேட்கக் கூடாது.

இன்னும் ஒரு காரியம் என்னை உறுத்துகிறது. 2009ல் காலமான நாகேஷை இந்தப் படத்தில் மறுபடி நடமாட விட்டிருக்கிறார்கள். அன்பினால் செய்ததாகவே இருக்கட்டும். ஆனால் தருமியாக அவர் புலம்பிய புலம்பலை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நரம்பும் அந்தக் கணத்தில் அவராகத் தீர்மானித்து ஆடியது. இறந்தவருடைய உருவத்தைக் கொண்டுவரலாம். அந்தத் தீர்மானத்தை எங்கே போய் வாங்குவது?

கோச்சடையான் என்ற பெயருக்கும் சொந்தக்காரர் ஒருவர் உண்டு. கோச்சடையன் ரணதீரன் என்ற பாண்டிய மன்னன் மங்கலபுரத்தில் மகாரதரை வென்றதை வேள்விக்குடிச் செப்பேடு சொல்கிறது. அவன் வழியில் வந்த வரகுணன் எங்கள் செந்தில் கோயிலுக்கு 1,400 பொற்காசு கொடுத்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது. பாண்டியர் முத்துத் துறைமுகமான கொற்கையோ ஏரலுக்குப் பக்கத்தில்தான். இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, படம் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணை விட்டுவிட்டது. அதன் கோட்டைகளில் உப்புக்காற்று வீசவில்லை.

என் மருமகன் இப்போது இளைஞன். அனிமேஷன் படிக்கப் போகிறேன் என்கிறான். தாராளமாகப் படிக்கட்டும். அவனுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். சூரனின் தலையைப் பொருத்துகிறவர்கள் தங்கள் கைகளை மறைப்பதில்லை. இது பொம்மை என்று நம்மிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்; மீதியை நாம் நம்பிக்கொள்கிறோம். ஏழு வயதில் என் சட்டையை இழுத்தவன் கேட்டதும் அந்த உண்மையைத்தான்.