வளை கழலாத கை

சங்க அகப்பாடல்களை நடத்தும்போது மாணவிகள் முதலில் பழகிக்கொள்ளும் குறிப்புகளில் ஒன்று வளை நெகிழ்தல். தலைவன் பிரிகிறான், தலைவி மெலிகிறாள், தோள் வாடுகிறது, வளை கழல்கிறது. பெண்ணின் மணிக்கட்டைப் பார்த்தே அவள் நோயைச் சொல்லிவிடலாம் என்றும், அந்த நோய் ஓர் ஆணைப் பற்றியதாகவே இருக்கும் என்றும் அந்த மரபு நம்புகிறது. இருபது ஆண்டுகளாக நானும் இதை நடத்திவருகிறேன். நாற்பத்தாறாவது வயதில் என் கையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. விரல் கணுக்கள் வீங்கி வளையல் ஏற மறுத்தது. முன்பே ஏறியிருந்தது இறங்க மறுத்தது. மோதிரத்தை நகைப் பட்டறையில் கொடுத்து வெட்டி எடுத்தோம். கழலாத வளைக்கு அகத்திணையில் துறை இல்லை.

துறை இல்லாத அந்த நோய்க்கு மருத்துவமனையிலும் துறை தேட வேண்டியிருந்தது. முதல் ருமட்டாலஜி அப்பாயின்ட்மென்ட்டுக்கு எந்த மருத்துவமனைக்குப் போவது? கேட்பதற்கு வெறும் தகவல் கேள்வி போலிருக்கும். பெண்ணின் உடலை யார் வாசிப்பது, அந்த வாசிப்பை யார் தேர்ந்தெடுப்பது என்ற பழைய கேள்வி அதற்குள் இருக்கிறது.

குறிஞ்சித் திணையின் வெறியாட்டை நினைத்துப்பாருங்கள். மகளின் மேனி மாறியிருக்கிறது. தாய் கவலைப்படுகிறாள், கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள், வேலனை அழைத்துவருகிறாள். களம் அமைத்து, மறி அறுத்து, முருகு அணங்கியதால் வந்த நோய் என்று அவன் சொல்கிறான். எல்லோரும் அவளைக் காப்பாற்றத்தான் பாடுபடுகிறார்கள். அவளிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தத் துறையைப் பாடியே பெயர்பெற்ற பெண் புலவர் வெறிபாடிய காமக்கண்ணியார். அகநானூற்றில் அவர் படைத்த தலைவி, தன் நோய்க்குத் தொடர்பே இல்லாத வேலனுக்காக ஆடு செத்ததைக் கண்டு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைத் தமிழில் ஒரு நோயாளி எழுதிய முதல் மருத்துவ விமர்சனமாகவே நான் வாசிக்கிறேன்.

இன்றைய வேலன்கள் பல வடிவில் வருகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் கிடைக்கும் வலி மாத்திரை ஒரு வேலன். "கால்சியம் குறைவு" என்பது இன்னொன்று. 2006இல் சிக்குன்குனியா வந்துபோன பிறகு எங்கள் பக்கத்தில் எந்த மூட்டுவலிக்கும் அதுவே விளக்கமாக இருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, மாதவிலக்கு நிற்கும் வயது, மன உளைச்சல் என்று பட்டியல் நீள்கிறது. மூட்டு என்றாலே எலும்பு டாக்டர் என்பதும் வீட்டில் எடுக்கும் முடிவுதான். எலும்பு மருத்துவர் முறிவையும் தேய்மானத்தையும் பார்ப்பவர். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் மூட்டுகளையே தாக்கும் முடக்குவாதம், லூபஸ் போன்றவற்றுக்கென்று தனித் துறை இருப்பது படித்த வீடுகளிலேயே பலருக்குத் தெரியாது.

இந்த நோய்கள் யாரைத் தேடி வருகின்றன என்று பார்த்தால் அந்த அறியாமையின் விலை புரியும். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். லூபஸ் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர். முடக்குவாதத்தில் முதல் சில மாதங்கள் முக்கியமானவை. அப்போதே சிகிச்சை தொடங்கினால் மூட்டு அரிப்பைப் பெருமளவு தடுக்கலாம். அரித்த மூட்டை மருந்து திரும்பக் கட்டித்தராது. வேலனுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் விரலின் கணக்கில் எழுதப்படுகிறது.

இந்த நோயின் ஓர் இயல்பு குடும்பத்துக்கு மிக வசதியாகப் போய்விடுகிறது. தேய்மான வலி வேலை செய்யச் செய்யக் கூடும், ஓய்ந்தால் குறையும். அழற்சியால் வரும் பிடிப்பு பெரும்பாலும் தலைகீழ். விடிகாலையில் விரல் மடங்காது, அரைமணி, ஒருமணி நேரம் அப்படியே இருக்கும், கையை அசைத்து வேலை செய்யச் செய்ய இளகும். "எழுந்து நாலு வேலை பாத்தா எல்லாம் சரியாயிடும்" என்று மாமியார் சொல்வது பார்வைக்கு உண்மையாகவே தெரியும். பத்து மணிக்கு அவள் சட்னி அரைத்துக்கொண்டிருப்பாள். ஐந்து மணிக்குக் குழாயைத் திருக முடியாமல் முழங்கையால் தள்ளியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நோயின் முக்கியமான அறிகுறி அவள் உழைப்புக்குள்ளேயே ஒளிந்துவிடுகிறது. பிறகு அதே அறிகுறி அவள் சோம்பேறித்தனத்துக்குச் சாட்சியாகவும் ஆக்கப்படுகிறது.

இனி ஊருக்கு வருவோம். புதுச்சேரிக்காரர்கள் மருத்துவமனை விஷயத்தில் அதிர்ஷ்டசாலிகள் என்பார்கள். பாரதி பூங்காவை அடுத்து அரசு பொது மருத்துவமனை, கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, காலாப்பட்டிலும் பிள்ளையார்குப்பத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள், கோரிமேட்டில் ஜிப்மர். 1823இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியில் வேர்கொண்டு, 1964இல் இன்றைய பெயரைப் பெற்று, 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது ஜிப்மர். விழுப்புரம், கடலூர் பெண்கள் விடியும் முன்பே பஸ் ஏறி வந்து அங்கே வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் அங்கே 'ருமட்டாலஜி' என்று தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். இந்த நோய்களைப் பார்க்கும் துறையின் பெயர் 'கிளினிக்கல் இம்யூனாலஜி'. வேலூர் சி.எம்.சி.யில் இரண்டு பெயர்களும் சேர்ந்த துறை உண்டு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இருப்பது ருமட்டாலஜி என்ற பெயரிலேயே. கதவில் எழுதியிருக்கும் பெயர் தெரியாததாலேயே ஒரு பெண் வேறொரு வரிசையில் ஒரு பகலைத் தொலைக்கலாம். அவளுக்கு அந்தப் பகல் ஒருநாள் கூலி.

கோரிமேட்டைத் தாண்டி அந்தச் சாலை திண்டிவனத்துக்குப் போகிறது. 1890களில் அங்கே ஓர் இரவு மூன்று வீட்டு ஆண்கள் அடுத்தடுத்து ஐடா ஸ்கடரின் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிகளும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடா அப்போது மருத்துவம் படித்தவரல்லர். மருத்துவரான அவருடைய தந்தை வர முன்வந்தும், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று கணவர்கள் மறுத்தார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவராக்கியது. 1900இல் வேலூரில் சிறு மருத்துவ இல்லம், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று வளர்ந்ததே இன்றைய சி.எம்.சி. இதைத் தியாக வரலாறாகச் சொல்லிப் பழகிவிட்டோம். கொஞ்சம் திருப்பி வாசித்தால், மருத்துவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதே, போவதா வேண்டாமா என்பதை நோயாளி தீர்மானிக்க முடியாததால் நேர்ந்த மரணங்கள் அவை.

இன்று யாரும் ஆண் மருத்துவர் வேண்டாம் என்று தடுப்பதில்லை. தடுப்பது வேறு வடிவம் எடுத்திருக்கிறது. கணவருக்கு லீவு கிடைக்கும் நாள், தம்பிக்குத் தெரிந்த டாக்டர், பிள்ளைகளின் பரீட்சை, பைக்கில் கொண்டுபோய் விடக்கூடிய தூரம் ஆகியவை சேர்ந்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கின்றன. பெயர் சொல்லத் தேவையில்லாத ஓரிடத்தில், முனைவர் பட்டம் பெற்று வகுப்பறையில் பேசியே பிழைக்கும் என்னை எதிரில் வைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு எப்பத்திலேர்ந்து வலி?" என்று என் கணவரிடம் கேட்டார்கள். "ரெண்டு மாசமா சார்" என்றார் அவர். எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. நான் சொல்லத் தொடங்கி இரண்டு மாதம். சொல்லாத ஆறு மாதம் சீட்டில் ஏறவில்லை.

வலியைச் சொல்ல நம் பெண்களிடம் மொழி இல்லை என்பதை நான் ஏற்பதில்லை. குடைச்சல், கடுப்பு, குத்தல், இழுப்பு, பிடிப்பு, எரிச்சல், மதமதப்பு, விண்விண்ணென்று தெறிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உணர்வு. பிடிப்பும் கடுப்பும் ஒன்றல்ல என்பது பாட்டிகளுக்குத் தெரியும். ஜிப்மர் போன்ற நிறுவனத்துக்கு நாடு முழுவதிலுமிருந்து இளம் மருத்துவர்கள் தேர்வெழுதி வருகிறார்கள். அவர்களும் தமிழ் கற்க முயல்கிறார்கள், முதலில் கற்கும் சொல் 'வலி'. எட்டுச் சொற்கள் அந்த ஒரு சொல்லுக்குள் சுருங்கும்போது நோயைக் கண்டறியும் தடயமும் சுருங்குகிறது. 'முடக்குவாதம்' என்ற பெயரையும் பாருங்கள். முடக்கு என்பது பிறவினை. பெயரைக் கேட்டதுமே கல்யாணம் நிற்கிறது, வேலை போகிறது. மருந்து வேலை செய்யத் தொடங்குமுன் சொல் வேலை செய்துவிடுகிறது.

எந்த மருத்துவமனை என்ற கேள்விக்கு என் அளவுகோலைச் சொல்கிறேன். இது ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வரும் நோயல்ல. ஆண்டுக்கணக்கில் மருந்தும் இரத்தப் பரிசோதனையும் தொடரும். பெரும்பாலும் முதலில் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒருநாள் மட்டும் எடுக்க வேண்டிய மாத்திரை. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கருவைப் பாதிக்கும் என்பதால், குழந்தை வேண்டுமென்றால் மருத்துவரிடம் பேசி முன்கூட்டியே நிறுத்தி, வேறு மருந்துக்கு மாற வேண்டும். மாமியார் பக்கத்தில் நிற்கையில் ஒரு பெண் இதைப் பேசுவாளா? ஆகவே புகழைவிட மூன்று கேள்விகள் எனக்கு முக்கியம். துணையில்லாமல் நானே பஸ் ஏறிப் போய்வர முடியுமா? மாதாமாதம் அந்தச் செலவு என் கைக்கு அடங்குமா? அங்கே என் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, பதிலை என்னிடம் கேட்பார்களா? முதல் நோயறிதலுக்காக வேலூரோ சென்னையோ போக நேர்ந்தாலும், தொடர் சிகிச்சைக்கு இங்கே யார் என்று அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சங்கத் தோழியைப் போல ஒருத்தி போதும். தலைவியின் மனமறிந்து, அவளுக்காக அறத்தொடு நிற்பவள். கூட வருபவள் பழைய சீட்டுகளைப் பிடித்துக்கொள்ளட்டும், வாயைத் திறப்பது நீங்களாக இருங்கள். போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த மாதம் தொடங்கியது, காலையில் எத்தனை மணி வரை விரல் மடங்கவில்லை, எந்த வேலை கைவிட்டுப் போனது. வீங்கியிருக்கும்போது கையைப் போட்டோ எடுத்து வையுங்கள், மதியத்துக்குள் வீக்கம் வடிந்திருக்கலாம். ஆர்.ஏ. ஃபேக்டர் 'நெகட்டிவ்' என்று வந்தால் நோயில்லை என்று யாராவது அனுப்பிவைத்தால் உடனே எழுந்துவிடாதீர்கள். நோயுள்ள பலருக்கும் அது நெகட்டிவாகவே வரும்.

உங்கள் வலிக்கு நீங்கள் வைத்திருக்கும் சொல்லையே அங்கே சொல்லுங்கள். புரியவில்லை என்றால் இன்னொரு முறை, கையைக் காட்டிச் சொல்லுங்கள். அதைக் கேட்க நேரமில்லாத இடமென்றால், அடுத்த முறை எங்கே போவது என்பதையும் நீங்களே முடிவுசெய்யலாம்.