தோமே பீரெஸ் கண்ட மலாக்கா

பழைய மலாக்காவின் வாணிகத்தை ஆராய்வோர் நாடும் முதன்மையான நூல்களுள் ஒன்று ‘சூமா ஓரியண்டல்’. போர்த்துகீசிய மருந்து வணிகரான தோமே பீரெஸ், 1512 முதல் 1515 வரை மலாக்காவிலும் இந்தியாவிலும் இருந்து இதனை எழுதினார். இதன் முழுப்படி 1937இல் பாரிசில் கண்டெடுக்கப்பட்டு, 1944இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரின் பண்டகசாலையில் கணக்கு எழுதியவர் பீரெஸ். நூலின் சிறப்பும் குறையும் அத்தொழிலிலிருந்தே பிறந்தவை.

முதலிற் கூறத்தக்கது சிறப்பு. மலுக்குத் தீவுகளின் கிராம்பும், பண்டாத் தீவுகளின் சாதிக்காயும், தீமோரின் சந்தனமும் மலாக்காவில் வந்து குவிந்தன. அவற்றைக் கொள்ளக் குஜராத்தியர் துணிமூட்டைகளுடன் பருவக்காற்றில் வந்தனர். சீனர் பட்டும் பீங்கானும் கொணர்ந்தனர். ‘கெலிம்’ என்று போர்த்துகீசியர் அழைத்த சோழமண்டலக் கரை வணிகரும் அங்கிருந்தனர். இவ்வணிகரை நாடுவாரியாகக் கவனிக்க நான்கு ஷாபந்தார்கள் இருந்தனர் என்றும், நகரில் 84 மொழிகள் வழங்கின என்றும் பீரெஸ் குறிக்கிறார். இங்கு விற்ற வாசனைப் பொருள்கள் காம்பே, செங்கடல், எகிப்து வழியாக வெனிசு நகரம் வரை சென்றன. ஐரோப்பியரே கடல் கடந்து வந்து உலகை இணைத்தனர் என்னும் பாடநூற் கூற்றை, அவருள் ஒருவர் எழுதிய இந்நூலே மறுக்கிறது.

இனிக் குறை. விலையையும் நிறையையும் நுணுகிக் கண்டவர், நாடுகளிடையே நிலவிய கடப்பாட்டை எடைபோடத் தவறினார். சீனத்தைக் காணுமுன்னரே, கேட்ட செய்திகளைக் கொண்டு, பத்துக் கப்பல்களால் அதன் கடற்கரை முழுவதையும் பிடித்துவிடலாம் என்று எழுதினார். மலாக்கா சுல்தான்களோ மிங் பேரரசுக்குத் திறை செலுத்தி உறவு பூண்டவர்கள்.

பீரெஸ் 1517இல் தூதராகக் கான்டனில் இறங்கினார். நெடுநாள் காத்திருந்த பின்னரே பீக்கிங் செல்ல இசைவு கிடைத்தது. நாடிழந்த சுல்தானின் முறையீடும் அந்நகரை எட்டியது. 1521இல் பேரரசர் இறக்கவே, தூதுக்குழு கான்டனுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுச் சிறைப்பட்டது. வாணிகம் நடந்த கடல்வழியிலேயே முறையீடும் செல்லும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

ஆகவே, பண்டங்களையும் துறைமுகங்களையும் பற்றி அறிய இந்நூலை விரும்பிப் படிக்கலாம். மக்களைப் பற்றிய தீர்ப்புகளை ஆராய்ந்தே கொள்ளுதல் வேண்டும். கீழ்த்திசை வாணிகத்தைப் போர்த்துகீசியர் ‘தோற்றுவித்தனர்’ என்று மாணவர்க்குச் சொல்லுமிடத்தில், அதில் ‘வந்து சேர்ந்தனர்’ என்று திருத்திச் சொல்வதற்கு இந்நூல் ஒன்றே போதிய சான்றாகும்.